ஆற்றிக் கொடுத்த சாக்லேட்

பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களிடம் சாக்லேட்டின் வரலாற்றைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார்கள். ஓய்வு பெற்று நம் தீவின் மின்னி பே பகுதியில் வீட்டோடு இருக்கும் எனக்குப் பழைய சமையலறையை எட்டிப் பார்க்க ஒரு சாக்கு கிடைத்தது. உடனே ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். வரலாறு எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். இந்த ஹோட்டலின் சாக்லேட் அறையில் நின்றே வேலைக்காலத்தைக் கழித்தவள் நான். தெரிந்த அந்தக் கொஞ்சமும் எங்கள் பெரிய செஃப் காய் நறுக்கும்போது சொன்னது. அவர் வடக்கே ரங்கத் என்ற ஊரில் குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பிள்ளை. சமையலைவிடக் கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்று நாங்கள் கேலி செய்வோம்.

சாக்லேட் முதலில் தின்பண்டமே இல்லை. குடிக்கிற பொருள். மத்திய அமெரிக்கக் காடுகளில் மாயா மக்களும், அவர்களுக்குப் பின்னால் அஸ்டெக் மக்களும் கொக்கோ விதையை வறுத்து, தோல் நீக்கி, நம்முடைய அம்மியைப் போன்ற ஒரு கல்லில் அரைத்து, தண்ணீரில் கரைத்து, மிளகாய் சேர்த்துக் குடித்தார்கள். அந்தப் பக்கத்தில் அப்போது கரும்பும் இல்லை, கறவை மாடும் இல்லை. ஆகவே சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை. நுரைதான் அவர்களுக்கு ருசி. ஒரு பாத்திரத்தை உயரத் தூக்கிக் கீழே இருக்கும் பாத்திரத்தில் ஊற்றி ஊற்றி நுரையை எழுப்புவார்கள். அரண்மனை விருந்திலும் கல்யாணத்திலும் அதுதான் மரியாதைக்குரிய பானம்.

ஸ்பெயின்காரர்கள் அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐரோப்பாவில் சர்க்கரையும் பட்டையும் சேர்ந்தன. அங்கேயும் வெகுகாலம் அது பணக்காரர்களின் காலைப் பானம்தான். பிறகு கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் இயந்திரம் வந்தது. அப்படிப் பிழிந்த கொழுப்பை அரைத்த கொக்கோவோடும் சர்க்கரையோடும் கூட்டியபோதுதான் சாக்லேட் அச்சில் நின்று கட்டியாக உறைந்தது. பால்பொடி சேர்ந்தது அதற்கும் பிற்பாடு. இயந்திரங்கள் பெருகப் பெருக விலை இறங்கியது. கடைசியில் பிறந்தநாளன்று வகுப்பில் ஆளுக்கொன்று நீட்டும் பண்டமாகிவிட்டது.

எங்கள் சிறு வயதில் அது மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வரும். வரும் வழியில் உருகி, மறுபடி இறுகி, மேலே வெள்ளை பூத்திருக்கும். சாக்லேட் என்றாலே வெள்ளைப் பொட்டு வைத்திருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பூஞ்சை இல்லை, கொழுப்பு பிரிந்து மேலே வந்த தடம் அது என்று இந்த வேலைக்கு வந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

வரலாறு இவ்வளவுதான். ஒரு கல்யாண நாளில் இது எனக்குக் கைகொடுத்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை ஆசையாகக் கிளம்பி வந்தேன்.

அந்தக் கல்யாணக் கோஷ்டி திருச்சியிலிருந்து வந்திருந்தது. பெண்ணின் பெயர் நிவேதா. நம் ஹோட்டல் புல்வெளியில் மாலையில் வரவேற்பு. ஏற்பாடுகளை எல்லாம் ஒரு திருமண ஏற்பாட்டாளர் கவனித்துக்கொண்டார். அவர் மூலமாக என் அறைக்கு வந்த ஆர்டர் எளிமையானது. புல்வெளியில் ஒரு மேஜை நிறைய டார்க் சாக்லேட். விருந்தினர் கிளம்பும்போது கையில் கொடுக்க அதே சாக்லேட்டில் சின்னச் சின்னப் பெட்டிகள். எதிலும் பால் இருக்கக் கூடாது. காரணம் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அப்போது அப்படிக் கேட்கிற பழக்கம் எங்களிடம் இல்லை.

முந்தின நாளே எல்லாம் தயார். சிப்பி வடிவில், மீன் வடிவில் அச்சில் வார்த்து, பளபளவென்று ஏசி அறையில் அடுக்கி வைத்திருந்தேன். விடியற்காலையில் காற்றும் மழையும் அடித்து, சாலையோர மரம் ஒன்று மின்கம்பிமேல் சாய்ந்துவிட்டது. ஜெனரேட்டரை ஓட்டினார்கள். அதிலும் ஒரு இணைப்பு எரிந்துபோயிற்று. விளக்குகளுக்கும் மீன், கறி வைத்திருந்த குளிரறைக்கும்தான் மின்சாரம் தர முடியும், உங்கள் ஏசிக்குச் சாயங்காலம் வரை வாய்ப்பில்லை என்று எலக்ட்ரீஷியன் கையை விரித்தார்.

சாக்லேட்டைக் குளிரறைக்குள் வைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அன்றும் ஆளாளுக்கு அதைத்தான் சொன்னார்கள். மீனுக்குப் பக்கத்தில் வைத்த சாக்லேட் மீனாகத்தான் வெளியே வரும். அது போகட்டும். நம்மூர் ஈரக்காற்றில் வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் அது வேர்த்து, பிசுபிசுத்து, மங்கிப்போகும். மதியத்துக்குள் என் சிப்பிகள் வாய் பிளந்தன. மீன்கள் வாலை மடக்கிப் படுத்துவிட்டன.

மேலாளர் வேகமாக உள்ளே வந்தார். சென்னைக்காரர், தீவுக்கு வந்து சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் காலையிலிருந்தே அவரை விரட்டிக்கொண்டிருந்தார்கள். குளிக்கிற தண்ணீர் சுடவில்லை, லிஃப்ட் ஓடவில்லை என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தட்டுகளை ஒரு பார்வை பார்த்தார்.

"ஸ்டெல்லாம்மா, ஸ்டோர்ல காம்பவுண்ட் இருக்குல்ல? அதை உருக்கி ஊத்திடுங்க. அது ஏசி இல்லாமலே உறையும்னு நீங்கதானே சொல்வீங்க?"

காம்பவுண்ட் உங்களுக்குத் தெரியும். கொக்கோவின் சொந்தக் கொழுப்புக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு போட்ட மலிவான கட்டி. வெயிலுக்கு அசராது.

"உறையும் சார். ஆனா நம்மகிட்ட இருக்கிறதுல பால்பொடி கலந்திருக்கு. பார்ட்டி பால் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"இப்பல்லாம் எல்லாரும்தான் சொல்றாங்க. பால் வேண்டாம், முட்டை வேண்டாம், கோதுமை வேண்டாம். அதெல்லாம் ஃபேஷன். வாயில போட்டா தெரியவா போகுது?"

"ஏன் வேண்டாம்னு சொன்னாங்கன்னு நமக்குத் தெரியாதே சார்."

"தெரியாதுல்ல? அப்ப விடுங்க. அரை மணி நேரத்துல ஆரம்பிச்சாத்தான் முடியும்."

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். காரணம் தெரியாது என்பதை அவரும் சொன்னார், நானும் சொன்னேன். காரணம் தெரியாததால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. காரணம் தெரியாததாலேயே கை வைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவர் கெட்டவர் இல்லை. மூச்சுவிட நேரமில்லாதவனுக்கு எந்தக் கதவு திறந்திருந்தாலும் வழியாகத்தான் தெரியும். உங்களுக்கும் அப்படி ஒரு மதியம் வரும்.

பெரிய செஃப்பைத் தேடிப் போனேன். பெரிய மீன் ஒன்றை வகிர்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"டேபிள் தேரா ஹை. தூ போல், கியா கரேகா?"

மேஜை உன்னுடையது, என்ன செய்வாய், நீயே சொல் என்கிறார். அவர் ஒரு வழி சொல்லுவார் என்று வந்தவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"காம்பவுண்ட் போட மாட்டேன், செஃப்."

"டீக் ஹை. தோ பார்ட்டி கோ ஜாகே போல். மேனேஜர் கோ மே தேக்தா."

சரி, அப்படியானால் போய் அவர்களிடமே சொல், மேலாளரை நான் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். திரும்ப மீனைப் பார்த்துக் குனிந்துவிட்டார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது அநேகமாக இப்படித்தான். வழியைச் சொல்ல மாட்டார். நடக்கும்போது பின்னால் இருப்பார்.

மணப்பெண்ணின் அறையில் தலை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா பட்டுப்புடவைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்று விஷயத்தைச் சொன்னேன். சாக்லேட் உருகிவிட்டது, மறுபடி உறைய வைக்க வழியில்லை, பெட்டிகளும் தர முடியாது.

"இப்ப வந்து சொல்றீங்களே. வர்றவங்க கையில என்னத்தம்மா குடுத்து அனுப்புறது?" என்றார் அம்மா.

நியாயமான கோபம். நிவேதா கண்ணாடியிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"வேற சாக்லேட் ஏதாச்சும் மாத்தி வைக்கலாம்னு பேச்சு வந்ததா, ஆன்ட்டி?"

"வந்தது. அதுல பால் இருக்கும்மா. அதான் வேண்டாம்னுட்டு நேர்ல சொல்ல வந்தேன்."

தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த பெண்ணின் கையை மெல்ல விலக்கினாள்.

"சின்ன வயசுல ஸ்கூல்ல ஒருத்தி பிறந்தநாளுக்கு மிட்டாய் குடுத்தா. பால் இல்லன்னு சொல்லித்தான் குடுத்தா. தின்ன கொஞ்ச நேரத்துல தொண்டை வீங்கி மூச்சு நின்னு போச்சு. கண்ணு முழிச்சப்ப ஆஸ்பத்திரில கிடந்தேன். அதுலேருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பட்டினிதான். நம்ம கல்யாணத்துலயாச்சும் ஒரு மேஜைல இருக்கிறதைப் பயமில்லாம எடுத்துத் தின்னணும்னு ஆசைப்பட்டேன். ஏற்பாடு பண்ணினவர்கிட்ட இதெல்லாம் சொல்லியிருந்தேனே."

ஏற்பாட்டாளர் அதை 'பால் வேண்டாம்' என்று சுருக்கிவிட்டிருக்கிறார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டோரில் அடுக்கியிருந்த காம்பவுண்ட் கட்டிகள் கண்முன் வந்தன. அதை உருக்கி வார்த்திருந்தால் இந்தப் பெண்தான் முதலில் எடுத்து வாயில் போட்டிருப்பாள்.

அப்போது பெரிய செஃப்பின் பழங்கதை எப்படி நாக்கில் வந்ததோ தெரியாது.

"கட்டியா தர முடியாதும்மா. குடிக்கத் தரவா?"

"ஹாட் சாக்லேட்டா? அது பாலாச்சே."

"பால் இல்லாம. வெறும் வெந்நீர், கொஞ்சம் பட்டை, கொஞ்சம் மிளகாய். சாக்லேட்டை ஆதியில அப்படித்தான் குடிச்சாங்க. கல்யாணத்துலயும் அதுதான்."

"கஷாயம் மாதிரி இருக்குமோ?" என்று அம்மா கேட்டார்.

"கொஞ்சம் அப்படித்தாம்மா இருக்கும்."

நிவேதா சிரித்துவிட்டாள். "பண்ணுங்க ஆன்ட்டி. அதையே பண்ணுங்க."

சொல்லிவிட்டு வந்தாயிற்று. செய்ய வேண்டுமே. கேஸ் அடுப்புக்கு மின்சாரம் வேண்டாம் என்பது ஒரு நிம்மதி. உருகிக் கிடந்தவற்றோடு கையிலிருந்த டார்க் கட்டிகளையும் போட்டு வெந்நீரில் கரைத்தேன். ரங்கத் ஊரிலிருந்து வந்த பட்டையும், இடித்த ஊசிமிளகாயும் சேர்த்தேன். மணம் நன்றாக வந்தது. ஆனால் கரண்டியை எடுத்ததும் கொழுப்பு பிரிந்து மேலே எண்ணெய்ப் படலமாக நின்றது. கம்பிக் கரண்டியால் அடித்தால் நுரை வந்தது, வந்த வேகத்தில் அடங்கியது. பெரிய செஃப் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஊப்பர் சே டால்," என்றார். மேலிருந்து ஊற்று.

எனக்கு அந்த உயரம் கைவராது. அந்த வித்தை யாருக்கு வரும் என்று நம் ஹோட்டலில் எல்லாருக்கும் தெரியும். ஊழியர் கேன்டீனில் டீ போடும் மாரி அண்ணன். ராமநாதபுரத்துக்காரர். இங்கே வருவதற்கு முன்னால் ஃபீனிக்ஸ் பே படகு ஜெட்டி ஓரமாக டீக்கடை வைத்திருந்தார். அவர் ஆற்றும் டீயைப் பார்த்துக்கொண்டே நின்று படகைத் தவறவிட்டவர்கள் உண்டு என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"சாக்லேட்டைப் போய் நான் எதுக்குத் தங்கச்சி ஆத்தணும்?"

"கல்யாணம் அண்ணே. பொண்ணுக்காக."

"அப்ப வாரேன்," என்று தன் இரண்டு குவளைகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் ஊற்றத் தூக்கிய நிமிஷத்தில்தான் அந்தக் குவளைகளைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாகப் பால் டீ ஆற்றிய குவளைகள்.

"அண்ணே, நிறுத்துங்க. இதுல வேண்டாம். பால் பட்டது."

"விளக்கித்தானே வச்சிருக்கேன். மூஞ்சி பாக்கலாம் இதுல."

"விளக்கினாலும் வேண்டாம். அந்தப் பொண்ணுக்குப் பால் துளி பட்டாக்கூட மூச்சு நின்னுடும்."

அவர் முகம் மாறிவிட்டது. குவளைகளை ஓரமாக வைத்துவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி வந்தார். டீ வாசம் அடித்த சட்டையையும் மாற்றிக்கொண்டார். ஸ்டோரில் பிரிக்காமல் கிடந்த புதுக் குவளைகளையும் கோப்பைகளையும் வாங்கி வந்து நானே கழுவினேன். மேஜைக்குப் பக்கத்தில் காப்பியோ பாயசமோ எதுவும் வரக் கூடாது என்று பரிமாறுகிற ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். சொன்னதைத் திரும்பச் சொல்லவும் வைத்தேன். எரிச்சல்பட்டார்கள். பட்டால் படட்டும்.

சாயங்காலம் மழை விட்டது. நம் தீவில்தான் சீக்கிரம் இருட்டுமே, வரவேற்பு தொடங்கும்போதே விளக்கு வெளிச்சம்தான். மாரி அண்ணன் கோட்டுப் போட மறுத்துவிட்டார். கை வீச முடியாதாம். வெள்ளைச் சட்டையோடு நின்று, தலைக்கு மேல் ஒரு குவளையும் இடுப்புக்குக் கீழே ஒரு குவளையுமாக முதல் வீச்சு வீசினார். கறுப்புப் பட்டு நாடா போல அது இறங்கியது. கீழே பழுப்பு நுரை பொங்கி நின்றது. எண்ணெய்ப் படலத்தைக் காணவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எங்கள் மேஜை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. எல்லார் கையிலும் போன்.

என்ன இது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னேன். சாக்லேட்தான், முதன்முதலில் மனிதர்கள் குடித்த விதத்தில். எல்லாருக்கும் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை போட மறந்துட்டீங்களாம்மா?" என்று பரிதாபமாகக் கேட்டார். நுரை கலையாத கோப்பைகளைச் செம்பருத்திச் செடி ஓரத்தில் விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. இன்னும் சிலர் காரத்தில் கண் கலங்கி, சிரித்து, மறுபடியும் வரிசையில் வந்து நின்றார்கள்.

நிவேதா மேடையிலிருந்து இறங்கி மாப்பிள்ளையோடு வந்தாள். மாரி அண்ணன் அவளுக்கென்று இன்னும் ஒரு முழம் உயர்த்தி ஆற்றினார். நான் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் வாங்கிக் குடித்தாள், பாதியில் நிறுத்தாமல். மேலுதட்டில் நுரை ஒட்டிக்கொண்டது. அலங்காரம் செய்த பெண் துடைக்க ஓடிவந்தாள். இவள் அதற்குள் கோப்பையை மறுபடி நீட்டிவிட்டாள்.

"இன்னொண்ணு, ஆன்ட்டி."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போகப் போக, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று எனக்கு வந்த சந்தோஷம், அச்சிலிருந்து ஒழுங்காகக் கழன்று விழுந்த எந்தச் சாக்லேட்டும் தந்ததில்லை.

மறுநாள் கிளம்பும்போது பெண்ணின் அம்மா என்னைக் கூப்பிட்டு, "பானம் நல்லாத்தாம்மா இருந்தது. பெட்டி இல்லாதது எனக்குக் குறைதான்," என்றார். குறைதான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். எல்லாம் கச்சிதமாக முடிகிற நாள் நம் வேலையில் குறைவு. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். பெட்டியை விடலாம்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. ஒரு பொருள் வேண்டாம் என்று யாராவது சொன்னால், ஏன் என்று நாமே நேரில் கேட்கிறோம். இப்போது உங்களுக்கு அது சாதாரணமாகத் தோன்றும். கேட்க நேரமில்லாத நாளில் அது சாதாரணமாகத் தோன்றாது. அன்று காரணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மறுநாள், பெண் வீட்டார் விமானத்துக்குக் கிளம்பிய பிறகு நான் கேன்டீனுக்குப் போனேன். மாரி அண்ணன் பழைய குவளைகளோடு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் மேலாளர். அவர் கேன்டீனுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. டீயை வாங்கிக்கொண்டு நேராக என் பெஞ்சுக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். பெரிய செஃப் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். கண்கள் சிவந்திருந்தன. டீயைக் குடிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

"ஸ்டெல்லாம்மா, நேத்து நான் சொன்ன மாதிரி நீங்க செஞ்சிருந்தா..."

என் முன்னால் இருந்த தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து அவர் பக்கம் வைத்தேன்.

"செய்யலியே சார். டீ ஆறிடும், குடிங்க."